ஓட்டம் குற்றமான காலம்: மலாக்காவும் குற்றவியல் நீதியின் சீர்திருத்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவுக்கு வந்து சேர்ந்த இந்தியருள் ஒரு பகுதியினர் விலங்கிட்ட கால்களோடு கரையிறங்கினர். தோட்டங்கள் தோன்றுவதற்கு முந்திய செய்தி இது. 1824ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் சுமத்திராத் தீவின் பெங்கூலனை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக மலாக்காவைப் பெற்றனர். பெங்கூலனில் அடைபட்டிருந்த இந்தியக் கைதிகள் 1825ஆம் ஆண்டு முதல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் மாற்றப்பட்டனர். 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக்கப்பட்ட இம்மூன்று துறைமுகங்களும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்தியாவின் நாடுகடத்தல் தண்டனைக்குரிய இடங்களாக விளங்கின. சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கைதிகள் வந்தவண்ணம் இருந்தனர்.

நம் பள்ளிகளில் மலாயாத் தமிழர் வரலாறு பால்மரத்தின் அடியில் தொடங்குவது வழக்கம். சிலர் மலாக்காச் செட்டிகளிடமிருந்து, அதாவது சுல்தான்கள் காலத்து வணிகரிடமிருந்து தொடங்குவர். அது பெருமைக்குரிய தொடக்கம். கைதிகளிடமிருந்து தொடங்க எவரும் விரும்புவதில்லை. ஆயினும் குற்றவியல் நீதியைப் பற்றிப் பேச முற்படும்போது அவர்களைத் தவிர்க்க இயலாது. 1802ஆம் ஆண்டில் சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டோரும் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். கும்பினியின் ஏட்டில் அவர்கள் குற்றவாளிகள். நம் ஏட்டில் விடுதலை வீரர்கள். பின்னர் வந்த கப்பல்களில் கொள்ளையரும் கொலை புரிந்தோரும் இருந்தனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. குற்றவாளி என்னும் ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபட்ட மனிதர்களை அடைக்க முடிந்தது என்பதே நாம் முதலில் மனங்கொள்ள வேண்டியது.

அக்கைதிகள் நடத்தப்பட்ட முறை வியப்பளிப்பது. சிங்கப்பூரில் கைதிகளை மேற்பார்த்த மேஜர் மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கைதிகள் தமக்குத் தாமே காவலராயினர் என்னும் பொருள் தருவது. ஆளுநர் பட்டர்வொர்த் 1845இல் வகுத்த விதிகளின்படி கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தை உடையவர் படிப்படியாக மேல் வகுப்புக்கு உயர்ந்தனர், விலங்கு கழன்றது, தொழில் கற்றனர். உயர் வகுப்பினருள் சிலர் பிற கைதிகளுக்குக் காவலர் ஆயினர். முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்று ஊருக்குள் தங்கி உழைத்துப் பிழைத்தனர். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரு பேராலயம் இவர்கள் கைகளால் எழுந்தது. மலாக்காவின் சாலைப் பணிகளிலும் இவர்கள் உழைத்தனர். இம்முறையை நாம் போற்றிப் பாட வேண்டியதில்லை. கும்பினிக்கு வேண்டியது கூலியில்லா உழைப்பு. அதைப் பெறுவதற்கு எளிய வழியாகவே இது அமைந்தது. ஆனால் அதனுள் ஓர் அறிவார்ந்த கொள்கை இருந்தது. மனிதன் மாறக்கூடியவன், அம்மாற்றத்தை அளந்து அதற்கேற்பத் தண்டனையைத் தளர்த்தலாம் என்பதே அது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிருவாகத்திலிருந்து பிரிந்து இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் வந்தன. 1873இல் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டதோடு இம்முறை முடிவுற்றது.

கைதிகள் போனார்கள், இந்தியச் சட்டம் தங்கிவிட்டது. மெக்காலே தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தொகுப்பு, சிறு மாற்றங்களுடன் 1871இல் இங்கே இயற்றப்பட்டு 1872 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று மலேசியா முழுவதும் வழங்கும் தண்டனைச் சட்டத்தொகுப்பு அதன் வழித்தோன்றலே. சென்னையிலும் கோலாலம்பூரிலும் வழக்கறிஞர்கள் ஒரே பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடியமைக்குக் காரணம் இதுதான். தெளிவு, சுருக்கம், எல்லோர்க்கும் ஒரே விதி என்பவை அத்தொகுப்பின் சிறப்புகள். முன்பு, 1831, 1832 ஆண்டுகளில், இன்றைய அலோர் காஜா வட்டாரத்து நானிங்கில் தோல் சாயிட்டை எதிர்த்துக் கும்பினி நடத்திய போருக்கு நெல்லில் பத்திலொரு பங்கு வரி மட்டும் காரணமன்று. கொடுங்குற்றங்களை விசாரிக்கும் உரிமை நானிங்குக்கா மலாக்காவுக்கா என்னும் பூசலும் அதன் பின்னே இருந்தது. தண்டிக்கும் அதிகாரமே ஆளும் அதிகாரம் என்பதை இரு தரப்பினரும் நன்கு அறிந்திருந்தனர்.

இனி நாம் நின்று நோக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். தண்டனைச் சட்டத்தொகுப்புக்கு வெளியே, தொழிலாளர் சட்டங்களுக்குள், இன்னொரு குற்றவியல் வளர்ந்தது. அதில் தலையாய குற்றம் ஓடிப்போதல்.

ஓடுவது இம்மண்ணில் முன்னரும் குற்றமாகவே இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான்கள் காலத்தில் உருவான மலாக்காச் சட்டத்தொகுப்பில் ஓடிப்போன அடிமைகளைப் பற்றியும், அவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்களைப் பற்றியும் விதிகள் உள்ளன. அடிமைமுறை ஒழிந்த பின்னும் அக்குற்றம் ஒழியவில்லை. அடிமைக்கு உரியதாயிருந்தது ஒப்பந்தக் கூலிக்கு உரியதாயிற்று. நீரிணைக் குடியேற்றங்களில் 1870களிலும் 1880களிலும் இந்தியக் குடியேறிகளுக்கென இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளரைக் காப்பதாகப் பெயர் சூடியிருந்தன. அவற்றுள் மருத்துவமனை, குடியிருப்பு, ஊதியம் பற்றிய விதிகள் இருந்தமை உண்மை. அவற்றோடு, காரணமின்றி வேலைக்கு வராதவனுக்கு அபராதமும், தோட்டத்தை விட்டு ஓடியவனுக்குச் சிறையும் இருந்தன. வேலைக்கு வராத நாள்களும் சிறையிலிருந்த நாள்களும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டன. மூன்றாண்டு ஒப்பந்தம் இதனால் நீண்டுகொண்டே போகும். நீள நீள ஓடும் எண்ணம் மிகும். ஓடினால் மறுபடியும் சிறை. குற்றத்தைக் குறைக்க வந்த சட்டம் தானே குற்றத்தை உண்டாக்கும் விந்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இதே ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் என்ன ஆகும்? ஊதியம் தராதவர்மீது முறையிடலாம். ஆனால் முறையிட நீதிமன்றம் செல்ல வேண்டும். செல்ல ஒரு நாள் வேலையை விட வேண்டும். துரையின் இசைவின்றி வேலையை விட்டால் அது வேலைக்கு வராத குற்றம். ஒரே ஒப்பந்தத்தின் ஒரு கை சிறை வாசலிலும் மறு கை கணக்குப் புத்தகத்திலும் இருந்தது.

இங்கிலாந்தில் நிலைமை எவ்வாறு இருந்தது என ஒப்பிடுதல் நலம். அங்கும் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டங்கள் நெடுங்காலம் நிலவின. தொழிற்சங்கங்களின் போராட்டத்துக்குப் பின் 1875ஆம் ஆண்டுச் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதுமுதல் அங்கே வேலை ஒப்பந்தத்தை மீறுவது இரு தரப்பாருக்கிடையிலான வழக்காக மட்டுமே கருதப்பட்டது. அதே அரசியின் ஆட்சிக்குட்பட்ட மலாக்காவில், அதே செயலுக்கு, ஏறத்தாழ இன்னும் அரை நூற்றாண்டுக் காலம் சிறை காத்திருந்தது. செயல் ஒன்று, செய்தவன் ஒரு தொழிலாளி. கடல் ஒன்றே வேறுபாடு.

மலாக்காவில் இரப்பர்த் தோட்டங்கள் இச்சட்டச் சூழலுக்குள்தான் பிறந்தன. 1896இல் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் அவ்வகையில் அதுவே முதல் முயற்சி. பின்னர் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டம் விரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் காடு அழிந்து வரிசை வரிசையாகப் பால்மரம் நின்றது. பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் வாசிக்கப்பட்டது. பெயருக்கு மறுமொழி வராத காலையில் கங்காணி லயத்துக்கு ஓடினார். கிராணி ஏட்டில் குறித்தார்.

மக்கள் ஏன் ஓடினார்கள்? சோம்பல் என்றனர் துரைமார். கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. தொழிலாளி வந்திறங்கும்போதே கப்பற் கட்டணமும் ஆள்கட்டுச் செலவும் அவன் தலையில் கடனாக ஏறின. அக்கடன் தீரும்வரை அவன் பெயருக்குத்தான் கூலி பெற்றான். பக்கத்துத் தோட்டத்தில் கடனின்றிக் கூடுதலாகக் கூலி கிடைக்கும் என்று ஒருவன் வந்து சொன்னால் இரவோடிரவாக நடந்துவிடுவான். நோயும் அடியும் சேர்ந்துகொண்ட தோட்டங்களில் ஓட்டம் இன்னும் மிகுந்தது. கடனே வேர் என்றான பின் கிளையை வெட்டிப் பயனில்லை.

வேரை வெட்டியது சிறைச்சட்டம் அன்று. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும் வேலை நாள்களின் கணக்குப்படி அந்நிதிக்குத் தொகை செலுத்தினர். தமிழகத்திலிருந்து வருவோரின் கப்பற் செலவை அந்நிதி ஏற்றது. தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கினான். எந்தத் தோட்டத்தில் வேலை செய்தாலும் அவனை வரவழைத்த செலவு எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாயிற்று. ஆகவே ஒருவன் இடம் மாறினால் அதைத் திருட்டுப்போலக் கருதும் காரணம் பெரிதும் மறைந்தது. இதைச் செய்தவர்கள் அருளாளர்கள் அல்லர். ஆள் பற்றாக்குறையால் தவித்த துரைமாரும், கணக்குப் போடத் தெரிந்த அலுவலர்களும்தாம். சீர்திருத்தம் எப்போதும் இரக்கத்திலிருந்தே பிறக்கும் என்று நம்பும் நம் மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு நடந்தவை விரைந்து நடந்தன. இந்தியாவிலிருந்து பிற குடியேற்றங்களுக்குச் செல்லும் தொழிலாளரைப் பற்றி ஆராய்ந்த சாண்டர்சன் குழு 1910இல் அறிக்கை தந்தது. பல குடியேற்றங்களில் தொழிலாளர்மீது வழக்குகள் மிகுதியாகத் தொடரப்படுவதை அது குறைகூறியது. அதே ஆண்டில் மலாயாவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. ஆனாலும் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டவனைத் தண்டிக்கும் விதிகள் மேலும் சில ஆண்டுகள் நீடித்தன. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும் இந்திய அரசின் வற்புறுத்தலும் சேர்ந்து வந்தபோது, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பை ஒட்டி அவையும் நீங்கின. சிறை அச்சம் இல்லையென்றால் தோட்டங்கள் பாழாகும் என்று சொல்லியிருந்தனர். தோட்டங்கள் பாழாகவில்லை. 1926, 1927ஆம் ஆண்டுகள், தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு மிக அதிகமானோர் வந்து சேர்ந்த ஆண்டுகளுள் வைத்து எண்ணப்படுபவை.

ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டம் குற்றமல்லாமற் போன பின்னும் தோட்டத்தின் வாயில் துரையின் கையிலேயே இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அழையாது நுழைவது அத்துமீறல். தொழிற்சங்கத்தார் லயத்துக்குள் வர இயலாமைக்கும், வேலை நீக்கப்பட்ட குடும்பம் வீட்டையும் சேர்த்து இழந்தமைக்கும் இந்த ஒரு விதி போதுமானதாயிருந்தது.

இனி அச்சம் சட்டத்தை எழுதிய ஒரு காலத்தைக் காண்போம். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சுடுகருவி வைத்திருந்தாலே தூக்கு என விதிக்கப்பட்டது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி இவ்விதியின்கீழ் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றி நம்மவர் அறிவர். நம் அண்டை மாநிலமான ஜொகூரில் அதே விதியின்கீழ்த் தண்டிக்கப்பட்ட சாம்பசிவம் என்பவரைச் சட்டம் பயில்வோர் மட்டுமே அறிவர்.

சாம்பசிவத்தின்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒன்று சுடுகருவி வைத்திருந்தது. மற்றொன்று தோட்டாக்கள் வைத்திருந்தது. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சுடுகருவிக் குற்றத்துக்கு மறுவிசாரணை ஆணையிடப்பட்டது. அம்மறுவிசாரணையில், சுடுகருவியும் தோட்டாக்களும் தம்மிடம் இருந்தன என அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் முன்வைக்கப்பட்டது. தோட்டாக்களைப் பொறுத்தவரை அவர் ஏற்கெனவே குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகிவிட்டது என்பது நீதிபதிக்குத் துணையிருந்த மதிப்பீட்டாளர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தண்டனையை நீக்கியது. ஒருவன் குற்றமற்றவன் எனத் தீர்ப்பளிக்கப்பட்டால், அதே குற்றத்துக்கு அவனை மறுபடி விசாரிக்கக் கூடாது என்பதோடு நில்லாமல், அரசுக்கும் அவனுக்கும் இடையே பின்னர் வரும் எல்லா நடவடிக்கைகளிலும் அத்தீர்ப்பே முடிவானது என்று அந்நீதிமன்றம் வரையறுத்தது. பொதுநலவாய நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நெறி அது. அச்சத்தின் உச்சத்தில், கழுத்தில் கயிறு விழவிருந்த ஒரு தமிழரின் வழக்கிலிருந்து அது பிறந்தது. கணபதிக்கும் சாம்பசிவத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு, மறுபடி ஆராய ஒருவருக்கு நேரம் கிடைத்தது என்பதுதான்.

ஆராயாத தண்டனையின் விளைவை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பொற்கொல்லன் சொல் ஒன்றையே கொண்டு கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியன் கதையை நம் பிள்ளைகள் ஆரம்பப்பள்ளியிலேயே கேட்கின்றனர். வியப்பு என்னவென்றால், நீதிபதியே ஆராயக் கூடாது என்று ஒரு சட்டம் கட்டளையிட முடியும் என்பது. கட்டாய மரண தண்டனை என்பதன் பொருள் அதுவே. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவின்கீழ்ப் போதைப்பொருள் கடத்தலுக்கான தூக்கு 1983 முதல் கட்டாயமாயிற்று. 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தால் கடத்தியதாகவே ஊகிக்கப்படும். கூட்டத்தின் தலைவனா, ஏமாற்றப்பட்டுப் பொட்டலம் சுமந்தவனா, பதினெட்டு வயது நேற்று நிறைந்தவனா என்ற வேறுபாட்டைத் தண்டனை விதிக்கும்போது நீதிபதி கருத இயலாதிருந்தது. சுமப்பவன் ஏழை, அனுப்புபவன் பெரும்பாலும் கைக்கு எட்டாதவன். நாற்பது ஆண்டுகள் இச்சட்டம் இருந்தது, கடத்தல் நிற்கவில்லை.

2019இல் கூட்டரசு நீதிமன்றம், ஊகத்தின்மேல் ஊகத்தை அடுக்கி ஒருவரைக் கடத்தல்காரராக்கும் விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. ஜூலை 4 அன்று அச்சட்டம் நடப்புக்கு வந்தது. மரண தண்டனை ஒழியவில்லை. அதை விதிப்பதா, 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்குத் திரும்பியது. ஏறத்தாழ ஆயிரம் கைதிகளின் தண்டனைகள் மறுபடி ஆராயப்படுவதற்கு வழி பிறந்தது. பிரம்படி எஞ்சி நிற்பது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் இது பெரிய மாற்றம்.

அதே ஆண்டில் சத்தமின்றி இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. தோட்ட மக்களைப் பொறுத்தவரை அதுவே நெருக்கமானது எனலாம். மெக்காலே காலத்துத் தொகுப்பின் 309ஆம் பிரிவு, தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரை ஓராண்டுவரை சிறையிலிட இடம் தந்தது. மலேசியாவில் தற்கொலை விகிதம் இந்திய சமூகத்தாரிடையே மிகுதி என்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. தோட்டப்புறத்தில் அத்துயரைக் காணாத ஊர் இல்லை. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றால் காவல் நிலையத்துக்குச் செய்தி போகும் என்னும் அச்சத்தில் குடும்பங்கள் உண்மையை மறைத்தன. உதவி வேண்டியவர் உதவியை நாடாமல் இருந்தார். துன்பத்தில் வாடுபவரைத் தண்டித்துத் துன்பத்தைத் தீர்க்கலாம் என்று எவரும் உளமார நம்பியிருக்க முடியாது. இருந்தும் அப்பிரிவு 150 ஆண்டுகள் ஏட்டில் இருந்தது. இங்கிலாந்து 1961இலேயே இதைக் குற்றமற்றதாக்கியது, சிங்கப்பூர் 2020இல், நாம் 2023இல்.

இவ்விடத்தில் இலங்கையின் அனுபவம் நமக்குப் பெரும் பாடம். 1995ஆம் ஆண்டை ஒட்டி அங்கே நூறாயிரம் பேருக்கு 47 என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த வேளாண் மருந்துகளை அந்நாடு 1995இல் தடைசெய்தது. 2005ஆம் ஆண்டில் அவ்விகிதம் ஏறத்தாழ 24ஆகக் குறைந்தது. இடையில், 1998இல், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதும் சட்டத்தையும் அந்நாடு நீக்கியது. தண்டனை நீங்கினால் உயிர்ப்பலி பெருகும் என்று அஞ்சியவர்களுக்கு அவ்வெண்களே விடை. கடைகளில் கிடைப்பதைக் கட்டுப்படுத்தியது, ஒரு நூற்றாண்டுச் சிறைச்சட்டத்தால் இயலாததைச் செய்தது. மலேசியா பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2020 தொடக்கத்தில் தடைசெய்தமையும் அவ்வழியில் வந்த ஒன்று. மருந்தடிக்கும் பணியில் தோட்டப் பெண்கள் அதனால் உற்ற உடற்கேட்டை எடுத்துச் சொல்லித் தொண்டு அமைப்புகள் நெடுங்காலம் போராடியதன் பயனும் அதில் உண்டு.

இறுதியாக மலாக்காவின் கடற்கரைக்கே திரும்புவோம். நகரிலிருந்து சற்றுத் தொலைவில் தெலுக் மாஸில் ஹென்றி கர்னி பள்ளி உள்ளது. 1947ஆம் ஆண்டு இளையோர் நீதிமன்றச் சட்டத்தின் வழியில், இங்கிலாந்தின் போர்ஸ்டல் முறையைப் பின்பற்றி, குற்றம் புரிந்த இளைஞரைச் சிறையிலிருந்து பிரித்துக் கல்வியும் தொழிலும் கற்பிக்க அது தோற்றுவிக்கப்பட்டது. 1951 அக்டோபரில் பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. கணபதி தூக்கிலேறியதும் அவருடைய ஆட்சியில்தான். கடுமைக்கு உரியவராய் நினைக்கப்படும் ஒருவரின் பெயரை ஒரு திருத்தப்பள்ளி தாங்கி நிற்பது வரலாற்றின் குறும்பு.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அப்பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. இன்று பதினாறு வயதுப் பையன் ஒருவன் குற்றம் செய்தால், சிறார் நீதிமன்றத்தில் நீதித்துறை நடுவரோடு இரு ஆலோசகர்கள் அமர்வர். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். பெயர் வெளியிடப்படாது. தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அலுவலர் அவன் வீடு, படிப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை தருவார். ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பப்பட்டால் மூன்றாண்டு. அங்கே பாடமும் பட்டறையும் உண்டு. 1845ஆம் ஆண்டு விதிகளில் இருந்த அக்கொள்கை, மனிதன் மாறக்கூடியவன் என்பது, இங்கே செம்மையாக அமைந்திருக்கிறது.

ஆனால் அதே பையன்மீது இன்னொரு சட்டமும் பாயலாம். 1969 மே கலவரத்தை ஒட்டி வந்த அவசரகால ஆணையின்கீழ்க் குண்டர் கும்பலைச் சேர்ந்தோர் எனப்பட்டவர்கள் விசாரணையின்றிச் சிம்பாங் ரெங்கம் போன்ற தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012இல் அவ்வாணை செயலிழந்தது. 2013இல் துப்பாக்கிச் சூடுகள் நாட்டை அச்சுறுத்தின. அவ்வாண்டு உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினருள் பெரும்பான்மையர் இந்தியர் எனக் குறித்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரைப் பற்றிய கூற்று இது. நாம் அதைக் கேட்டு வெட்கினோம், சினந்தோம், அதன் காரணத்தை ஆராய்ந்தோமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டுப் பெயர்ந்த குடும்பங்களையும், தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வழியில் புகுமுக வகுப்பிலேயே நின்றுவிடும் பிள்ளைகளையும் ஆசிரியர்களாகிய நாம் எல்லோருக்கும் முன்பே கண்டவர்கள்.

அரசு தேர்ந்தது 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தை விரிவாக்குவதை. 2014 முதல் அதன்கீழ் ஒருவரை ஏறத்தாழ 60 நாள் காவலில் வைக்கலாம். பின்னர் ஒரு வாரியம் ஈராண்டு தடுப்புக் காவலுக்கு ஆணையிடலாம். அதை நீட்டிக்கவும் செய்யலாம். விசாரணை அலுவலர்முன் வழக்கறிஞர் அவருக்காகத் தோன்ற இயலாது. வாரியத்தின் ஆணையை நீதிமன்றம் நடைமுறைப் பிழை உண்டா என்ற அளவில் மட்டுமே ஆராயலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களும் இச்சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டதுண்டு. அவர்களுக்கு இரு ஆலோசகர்கள் இல்லை, தீர்ப்புக்கு முன்னான நன்னடத்தை அறிக்கை இல்லை, தீர்ப்பே இல்லை.

கும்பல் வன்முறையால் முதலில் துன்புறுவோர் நம் மக்களே. அவர்களைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. சான்று உள்ள குற்றத்தை நீதிமன்றத்தில் நிறுவலாம். சான்று இல்லாத இடத்தில் அடைத்து வைப்பது கும்பலைக் கலைக்கிறதா, அல்லது தடுப்பு முகாமே புதிய சேர்க்கைக்குக் களமாகிறதா என்பதை எண்களைக் கொண்டு ஆராய முடியும். விடுதலையானோரில் எத்தனை பேர் மீண்டும் பிடிபட்டனர், எத்தனை பேர் வேலையில் நிலைத்தனர், அவர்கள் எந்த வயதில் எந்த வகுப்பில் பள்ளியை விட்டனர் என்ற கணக்கு நாடாளுமன்றத்தின் மேசைமேல் இருக்க வேண்டும். 1907இல் இரப்பர்த் துரைமார் தம் தோட்டங்களின் ஓட்டத்தைக் குறித்துப் போட்ட கணக்கு அதைவிடச் சிக்கலானது.